கழுவி வந்த டப்பா

பத்து மணி தாண்டினால் ராமராஜனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். மற்றவர்களுக்குப் பசி வயிற்றோடு நிற்கும். அவனுக்குத் தோளில் தொடங்கி விரல் நுனிவரை இறங்கும். வாய் வறண்டுபோகும். அண்டாவிலிருந்து எழும் ஆவி கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரியும். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டியதிலிருந்து கொதிக்கிற சாயத்தண்ணீருக்கு மேலே குனிந்து நிற்கிற உடம்பு. உள்ளே போயிருப்பது ஒரு டீ.

"மச்சான், நல்லா புடி. நழுவுது."

"நீ முறுக்கு மாப்ள. நான் புடிச்சிக்கினுதான் இருக்கறேன்" என்பான் சின்னப்பையன்.

காஞ்சிபுரத்தில் மாணிக்கவேலின் சாயப்பட்டறையில் அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. பட்டுநூல் கழியைச் சாயத்தில் முக்கி எடுத்தால் அதைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் ஒரு முனையில் கம்பைக் கொடுத்து அசையாமல் நிற்க, மற்றவன் மறுமுனையில் கம்பைச் சுற்றி முறுக்க வேண்டும். நிற்கிறவன் தளர்ந்தால் முறுக்குகிறவன் மல்லாக்க விழுவான். பல வருஷமாகச் சின்னப்பையன் நிற்பான், ராமராஜன் முறுக்குவான். இரண்டு பேருக்கும் முழங்கைவரை ஒரே நிறம். அரக்குப் போட்ட வாரம் அரக்கு, மஞ்சள் போட்ட வாரம் மஞ்சள். காலும் அப்படித்தான். ஈரத் தரையில் செருப்பு வழுக்கும் என்று பட்டறையில் யாரும் செருப்புப் போடுவதில்லை. சாயம் பாதத்திலும் நகக்கண்ணிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் காலைப் பார்த்தே சாயக்காரன் என்று தள்ளி உட்காருவார்கள், சட்டையில் ஒட்டிக்கொள்ளுமோ என்று.

அந்த நடுக்கத்துக்கு ராமராஜன் ஒரு மருந்து வைத்திருந்தான். தெருமுனைக் கடையில் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்குகிற அளவுக்குச் சால்னா. கூடவே ஒரு பாட்டில் கலர் சோடா. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் சிக்கன் பகோடா. நடுவில் எப்போதாவது கிரீம் பன். மாவும் எண்ணெயும் சர்க்கரையும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும்.

"சோறு துன்னா ரெண்டு அண்டா எறக்கறதுக்குள்ள கரைஞ்சி பூடுது மச்சான். பரோட்டான்னா கல்லு மாதிரி உக்காந்துக்கினு சாயங்காலம் வரைக்கும் நிக்குது."

கல்யாண சீசனில் வேலை நெருக்கும்போது மாணிக்கவேலே பரோட்டா பார்சல் வாங்கிவந்து அடுக்குவார். எல்லோரும் அதை முதலாளி செய்கிற மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவரும் அதைத்தான் சாப்பிட்டார்.

ஒரு நாள் முறுக்கிக்கொண்டிருந்தபோதே ராமராஜன் கம்பை விட்டுவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தான். சின்னப்பையன் ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சுகர். அதுவும் இன்று நேற்று வந்ததில்லை, ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பரோட்டா, பகோடா, கலர் எதையும் தொடக்கூடாது, கேழ்வரகுக் களி, கீரை, பயறு, காய் சாப்பிடு, காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். காலை எதற்குப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ராமராஜனின் மனைவி ஏஞ்சல், ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பெரிய குண்டானில் சாதம் கிளறிக் கிளறி வலது தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கிப்போயிருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பயறும் கீரையும் முட்டையும் போட்டுவிட்டு வருகிறவளுக்குச் சொந்த வீட்டு அடுப்பைப் பார்த்தால் எரிச்சல் வரும். அதனால் ராத்திரிக்கு ராமராஜன் வாங்கி வருகிற பார்சலுக்கு அவளும் மறுப்புச் சொன்னதில்லை. மகள் சிம்ரன், ஏழாவது படிக்கிறவள், அப்பாவின் பார்சல் பைக்குள் கைவிட்டுத்தான் வளர்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஏஞ்சல் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இனிமே கடைத் தீனி இந்த வூட்டுக்குள்ள வந்துச்சின்னா, ஒண்ணு அது வெளிய போவணும், இல்ல நான் வெளிய போவணும்."

"நீ போனா யாரு களி கிண்டறது?" என்றான் ராமராஜன்.

"அந்தப் பகோடாக்காரன் வந்து கிண்டுவான். போய்யா."

மறுநாளிலிருந்து அவள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்தாள். வாலாஜாபாத் சந்தையிலிருந்து கேழ்வரகு வாங்கி வந்து அரைத்து வைத்திருந்தாள். களி ஒரு சின்ன உருண்டை, முருங்கைக்கீரைப் பொரியல், மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, அவித்த முட்டை. ஒவ்வொரு நாளும் ஏதாவது மாற்றிச் செய்வாள். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, துணியில் முடிந்து, அவன் பைக்கில் மாட்டிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள்.

முதல் நாள் பட்டறையில் ராமராஜன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"இன்னா மாப்ள, உள்ள பாம்பு இருக்குதா?"

"நீயே பாரு."

சின்னப்பையன் பார்த்தான். "அட, முட்டை இருக்குது. மஞ்சக்கரு எங்க?"

"அது அவளுக்கும் பொண்ணுக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு வெள்ளை மட்டும்தான்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். ராமராஜனும் சிரித்தான். களியில் ஒரு விள்ளல் எடுத்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினான். மூன்று நாள் அப்படியே இறக்கினான். நான்காம் நாள் பத்து மணிக்குக் கை உதறியது. அவன் டப்பாவைச் சின்னப்பையன் பக்கம் தள்ளினான்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாளைக்கு நீ சாப்புடு. எனக்கு ஒரு பரோட்டா பார்சல் வாங்கினு வா. டப்பா ரொம்பிப் போய் நின்னா அவ தாண்டவம் ஆடுவா."

"சுகரு வெச்சிக்கினு இன்னாடா இது?"

"காலையில மாத்திரை போட்டுக்கறேன் இல்ல? அது எதுக்கு இருக்குது? ஒரு நாள்தான்."

சின்னப்பையனின் மனைவி எல்லம்மாள், பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததென்று வாலாஜாபாத் போனவள் திரும்பி வந்தபாடில்லை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவனும் மாசக்கணக்காகக் கடைச் சாப்பாடுதான். நெஞ்சு கரித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு ஏஞ்சலின் களியை அவன் கீரையோடு சேர்த்துச் சாப்பிட்டான். பிறகு குழம்பை விரலால் வழித்தான். சாப்பிட்டு முடித்துக் குழாயடிக்குப் போய் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, துணியில் முடிந்து ராமராஜனின் பைக்கில் மாட்டினான்.

ஒரு நாள் என்றது அடுத்த நாளும் நடந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பத்து மணி ஆனால் சின்னப்பையன் கடைக்குப் போவான், பரோட்டா வரும், டப்பா கைமாறும். முட்டையைப் பார்த்து ஒரு கேலி. சாயம் ஏறிய கையோடு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சின்னப்பையனுக்கு நெஞ்சுக் கரிப்பு நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. காலையில் எழும்போதே இன்று டப்பாவில் என்ன இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தான். புதன்கிழமை கொள்ளு, வெள்ளிக்கிழமை கருவாட்டுக் குழம்பு என்று அவனுக்கே ஒரு கணக்குப் பிடிபட்டது.

நடுவில் ஒரு நாள் ராமராஜன் வேலைக்கு வந்ததும் கம்பை எடுக்காமல் சுவரோரமாக உட்கார்ந்தான். ராத்திரி பலமுறை எழுந்து வெளியே போனானாம். பாதம் ரெண்டும் பஞ்சுமேல் நடப்பதுபோல மரத்துக் கிடக்கிறது என்றான்.

"மச்சான், பயமா இருக்குது. இன்னிலேர்ந்து டப்பாவை நானே துன்னுடறேன்."

அப்போது சின்னப்பையன் கையில் பார்சல் இருந்தது. வழக்கத்தைவிட முன்னதாகவே போய் வாங்கி வந்திருந்தான். வெள்ளிக்கிழமை. டப்பாவில் கருவாட்டுக் குழம்பு என்று அவனுக்குத் தெரியும்.

"வாங்கினு வந்துட்டேனே மாப்ள. சூடா இருக்குது. இதை இன்னா பண்றது? நாளைலேர்ந்து பாத்துக்கலாம்."

ராமராஜன் பார்சலைப் பார்த்தான். சால்னா வாசனை அவனை வந்து அடைந்துவிட்டது. "சரி குடு" என்றான்.

நாளையும் வந்தது. அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சின்னப்பையனும் எடுக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த ஏஞ்சல், பேருந்து நிலையத்தில் சின்னப்பையனைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ண்ணா, உங்க மாப்ள மாறிட்டாருண்ணா. கத்திரிக்காய்னா தட்டோட தள்ளுவாரு. இப்ப டப்பாவுல காம்பு கூட மிச்சம் இல்ல. அதுவும் கழுவி எடுத்துக்கினு வராரு. பதினஞ்சு வருஷத்துல ஒரு தம்ளர் கழுவினது இல்ல இந்த மனுஷன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சின்னப்பையன் செருப்பைப் பார்த்தான்.

"ஆமாம்மா. நல்லா சாப்புடறான்" என்றான்.

தீபாவளிக்கு முந்தின வேலை. கத்திரிப்பூ நிறமும் கருநீலமும் மாற்றி மாற்றி ஓடியது. எல்லோர் காலும் முட்டிவரை நீலம். ராமராஜன் கொஞ்சம் விந்தி நடந்தான். கேட்டால் வலி ஒன்றும் இல்லை என்றான். வலி இல்லைதான். கொதிக்கிற தண்ணீர் எப்போதோ விரல்மேல் கொட்டியிருக்கிறது, அது அவனுக்கே தெரியவில்லை. பட்டறையில் எப்போதும் ஒரு நாற்றம் உண்டு. கச்சாப் பட்டுநூலைச் சோப்பிலும் சோடாவிலும் வேகவைக்கும்போது அதன் பசை கரைந்து செத்த புழு நாற்றம் அடிக்கும். அதனால் அதற்குள்ளே இன்னொரு நாற்றம் இருந்தது யாருக்கும் எட்டவில்லை. வீட்டில் ஏஞ்சல் ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "சாயப்பட்டறை நாத்தம், உனக்குப் புதுசா?" என்று சொல்லிவிட்டான்.

தீபாவளி முடிந்து வெள்ளை வேலை வந்தது. சாயம் போடாமல் பட்டுநூலை வெறும் சோப்புத்தண்ணீரில் வெளுக்கிற வேலை. அந்த வேலையில் நிற்கிறவர்கள் காலில் இருக்கிற நிறமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். வார முடிவில் சின்னப்பையன் குழாயடியில் கால் கழுவினான். சொந்த நிறம் தெரிந்தது. பக்கத்தில் ராமராஜன் கால் நீட்டியிருந்தான். வலது காலில் எல்லாம் இறங்கியிருந்தது, இரண்டு விரலைத் தவிர. அது இன்னும் கருநீலமாகவே இருந்தது.

"இன்னாடா, உனக்கு மட்டும் நீலம் உட மாட்டேங்குது?"

"தேச்சித்தான் பாக்கறேன். கெட்டியா ஏறிப் போச்சி."

சின்னப்பையன் குந்தி உட்கார்ந்து சோப்புத் தூளைப் போட்டு அந்த விரலைத் தேய்த்தான். பிரஷ் எடுத்து அழுத்தித் தேய்த்தான். ராமராஜன் மாணிக்கவேலைப் பற்றி ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். தோல் கழன்று பிரஷ்ஷோடு வந்தது. அடியில் கறுப்பாக இருந்தது. ரத்தம் வரவில்லை. சின்னப்பையனுக்கு மூக்கில் அப்போதுதான் அந்த இன்னொரு நாற்றம் ஏறியது.

"மாப்ள, வலிக்குதா?"

"இன்னா வலி?"

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. விரல் மட்டும் இல்லை, பாதத்துக்குள்ளேயே சீழ் ஏறியிருந்தது. ஏஞ்சல் சமையல் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், புடவையில் சாம்பார்க் கறையோடு. மறுநாள் காலை ரத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு, கண்ணாடி போட்டவள், தூங்காத முகம். கூடவே நாலைந்து படிக்கிற பிள்ளைகள்.

"வீட்டுல என்னம்மா சாப்பாடு குடுக்கறீங்க?"

ஏஞ்சல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். களி, கீரை, மொச்சை, கொள்ளு, வெள்ளைக்கரு. பள்ளிக்கூடத்தில் மேலதிகாரி கேட்டால் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"பரோட்டா, ஸ்வீட், கூல் டிரிங்க்ஸ்?"

"தொடறதே இல்லம்மா. மாசக்கணக்கா கடைத் தீனி வூட்டுக்குள்ளயே வரல."

டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். "இது மூணு மாசத்துச் சுகர் கணக்குமா. இதுல எவ்ளோ இருக்கு தெரியுமா? களி சாப்பிட்டா இப்படி வருமா? இங்க வந்து ஏம்மா பொய் சொல்றீங்க? அவர் கால் போகப்போகுது, இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

"நான் பொய் சொல்லலம்மா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஆக்கிப் போடறது நீங்க. உங்களுக்குத் தெரியாம எப்படி?"

படிக்கிற பிள்ளைகள் ஏஞ்சலைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவள் சின்னப்பையன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. கூடவே உக்காந்து சாப்புடறீங்க இல்ல? டப்பா காலியாத்தானே வரும்?"

சின்னப்பையன் கையில் பிளாஸ்க் இருந்தது. கட்டிலில் ராமராஜன் கண்ணை மூடியிருந்தான். ஆனால் இமை ஆடியது. அவன் சொல்லட்டும் என்று இவன் நின்றான். இவன் சொல்லட்டும் என்று அவன் கிடந்தான்.

"டப்பா காலியாத்தான் வரும்" என்றான் சின்னப்பையன்.

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கடைசி இரண்டு நாள் ராமராஜனுக்கு நினைவு வந்து வந்து போனது. ஒரு தரம் சின்னப்பையனைப் பார்த்து, "மச்சான், நல்லா புடி" என்றான். சின்னப்பையன் அவன் கையைப் பிடித்தான். அதில் இன்னும் நகக்கண்ணில் நீலம் இருந்தது. புதைக்கும்போதும் இருந்தது.

ஏஞ்சல் வீட்டில் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் சின்னப்பையன் அங்கே போனான். பட்டறை ஆணியில் மாட்டியபடி இருந்த டப்பாவைக் கொண்டுபோயிருந்தான். கடைசியாகச் சாப்பிட்டுக் கழுவியது. உள்ளே பளபளவென்று இருந்தது.

சிம்ரன் தரையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கலர் பாட்டில். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

"உக்காருங்கண்ணா" என்றாள் ஏஞ்சல். "சாப்பாடு ஒண்ணும் ஆக்கல. பார்சல் இருக்குது, போடட்டா?"

"வேணாம்மா. பாப்பாவுக்கு ஏம்மா இதை வாங்கித் தர? சுகரு அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க இல்ல?"

ஏஞ்சல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"போதும்ண்ணா. கீரை, களி, கொள்ளு, எல்லாம் ஊரை ஏமாத்தற பேச்சு. இவரு இன்னா துன்னல? ஒரு பருக்கை மிச்சம் வெக்காம துன்னாரு. காலு போச்சி, ஆளும் போயிட்டாரு. பரோட்டா துன்ன காலத்துலயாவது நடந்துக்கினு இருந்தாரு. நான்தான் அவரு வாயைக் கட்டி, ஆசைப்பட்டதைத் தராம, களியைப் போட்டே அனுப்பிட்டேன். எம்பொண்ணாவது புடிச்சதைத் துன்னட்டும்."

பள்ளிக்கூடத்திலும் இப்போது கீரை அலசும்போது கை ஓடவில்லை என்றாள். தோள்வலிக்கு மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை, எதில் உப்பு அதிகமாகிவிட்டது, எதில் எண்ணெய் கூடிவிட்டது என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறாளாம். கேழ்வரகில் ஏதாவது கலப்படம் இருந்திருக்குமா என்று வாலாஜாபாத் கடைக்காரனிடம் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சின்னப்பையன் டப்பாவைத் தரையில் வைத்தான். சிம்ரனைப் பார்த்தான். அவள் சால்னாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள், அவளுடைய அப்பா வழிக்கிற மாதிரியே.

"ஏஞ்சலு, அவன் அதைத் துன்னலம்மா."

"எதை?"

"உன் டப்பாவை. மூணு நாள் துன்னான். அப்புறம் நான்தான் துன்னேன். அவனுக்குப் பரோட்டா வாங்கியாந்தேன். தெனம். கழுவினதும் நான்தான்."

சிம்ரன் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஒரு நாள் பயந்துபோயி நானே துன்னுடறேன்னான். நான் பார்சல் வாங்கிட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நீ கருவாட்டுக் குழம்பு வெச்சிருந்த."

வெளியே யாரோ ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார்கள். திட்டுவாள், டப்பாவைத் தூக்கி எறிவாள் என்று அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"இன்னாம்மா?"

"குழம்பு. நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்."

"நல்லா இருந்துச்சிம்மா."

அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிம்ரன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு உடம்பு நல்லா இருக்குது" என்றாள் ஏஞ்சல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அண்ணா என்று சொல்லவில்லை. "பாத்தாலே தெரியுது. தொப்பை எறங்கிப் போச்சி."

அவன் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டான்.

"அத்தினி பேருக்கு முன்னாடி என்னைப் பொய்க்காரின்னா அந்த டாக்டர் பொண்ணு. நீ பிளாஸ்க் வெச்சிக்கினு நின்ன. அவரும் கண்ணை மூடிக்கினு படுத்தாரு. புருஷனுக்குக் கண்டதையும் போட்டுக் கொன்னவள்னுதான் அது இன்னும் நெனச்சிக்கினு இருக்கும்."

"இன்னா பண்ணணும் சொல்லும்மா. எது வேணா பண்றேன்."

"சோத்தை நீ திருப்பித் தர முடியாது. அந்த டாக்டரம்மாகிட்ட போ. ஏஞ்சல் பொய் சொல்லல, நான்தான் துன்னேன்னு சொல்லு. சொல்லிட்டு வந்து எனக்குச் சொல்லு. அது வரைக்கும் இந்த வாசப்படி ஏறாத."

திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுச் சின்னப்பையன் பஸ் ஏறினான். பக்கத்தில் இருந்தவர் அவன் காலைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அதே வார்டு. ராமராஜன் கிடந்த கட்டிலில் வேறொரு ஆள், காலில் கட்டோடு. அவன் மனைவி ஒரு தூக்கைத் திறந்து எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ், "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

"ஒரு டாக்டரம்மா. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு இருப்பாங்க."

"பேரு?"

அவனுக்குத் தெரியாது. ஏஞ்சலுக்கும் தெரியாது. தேதியைச் சொன்னான், ராமராஜன் பெயரைச் சொன்னான். நர்ஸ் யோசித்தாள்.

"அவங்களா? அவங்க இங்க பயிற்சியில இருந்தவங்க. முடிச்சிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னெல்லாம் எங்களுக்குத் தெரியாதுப்பா. இன்னா விஷயம்?"

"ஒண்ணு சொல்லணும். அந்தப் பேஷண்ட்டோட வூட்டுக்காரி பொய் சொல்லலன்னு சொல்லணும்."

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குடித்திருக்கிறானா என்று பார்க்கிற பார்வை. "பேஷண்ட் இப்ப எப்படி இருக்காரு?"

"செத்துட்டான்."

"அப்பறம் இதை யாருகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போங்க, நோயாளிங்க நிக்கறாங்க."

அவன் நகர்ந்து நின்றான். வராந்தாவில் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். அன்று ஏஞ்சலைப் பார்த்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது. கட்டிலில் இருந்தவனின் மனைவியிடமாவது சொல்லலாமா என்று தோன்றியது. அவள் தூக்கை மூடிவிட்டு அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினான்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஏஞ்சல் வீட்டு வாசலுக்கு எதிரே ரோட்டோரமாக நின்றான். படி ஏறவில்லை. உள்ளே அடுப்பு எரிந்தது. முருங்கைக்கீரை வதங்குகிற வாசனை தெருவுக்கு வந்தது. சிம்ரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொல்வதும், ஏஞ்சல் அதட்டுவதும் கேட்டது. பிறகு ஏஞ்சல் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"சொன்னியா?"

"ஆளு இல்லம்மா. வேற ஊருக்குப் போயிடுச்சாம். பேரும் தெரியல."

அவள் கரண்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தேடு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

சின்னப்பையன் மறுநாள் வேலைக்குப் போனான். எதிர்முனையில் புது ஆள், வாலாஜாபாத்துப் பையன் ஒருவன், முறுக்கினான். பத்து மணிக்குப் பரோட்டா பார்சல் வந்தது. பட்டறையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். சின்னப்பையன் டீ மட்டும் குடித்தான். வாரா வாரம் லீவு நாளில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒல்லியான, கண்ணாடி போட்ட டாக்டரம்மா உண்டா என்று கேட்டுவிட்டு வருகிறான். இன்னும் கிடைக்கவில்லை. ராமராஜனின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டிய அத்தனை நாள் சோற்றையும், ஏஞ்சல் பொய் சொல்லவில்லை என்கிற ஒரு வார்த்தையையும் அவன் அவளுக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.